தாழிட்ட அறையும் மீறிய சத்தியமும்

ஒரு கதவின் முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். முடிவில் ஒன்று கேட்பேன். அதுவரை யாருக்கும் பரிந்து பேசிவிடாதீர்கள்.

திருச்செங்கோட்டுப் பக்கம் போர்வெல் லாரி வைத்திருப்பவர் செங்கோடன். ஒரே மகன் பிரகதீஷ், இன்ஜினியரிங் வேண்டாம் என்று பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கச் சேர்ந்தான். அன்றே அவர் மகனிடம் பேச்சை நிறுத்தினார். அடிக்கவில்லை, திட்டவில்லை. ஒரே அறையில் இருந்தாலும் மனைவி பூங்கொடியைப் பார்த்து, "உம்பையன் சாப்புட்டானான்னு கேளு" என்பார். விடுதிக்குப் போன் செய்தாலும் அப்படித்தான். அவர் பக்கத்திலிருந்து சொல்லுவார், அவள் அதைத் திருப்பிச் சொல்லுவாள்.

இரண்டாம் வருடம் பிரகதீஷ் பாதிப் பாடங்களில் பெயிலானான். மெஸ்ஸுக்குச் சாப்பிடப் போவதையும் விட்டான். "நான் இல்லாட்டி எங்கம்மாவுக்குப் பேச்சு மிச்சம்" என்று அறைத்தோழன் ஜெபசிங்கிடம் சிரித்தான். தூத்துக்குடிக்காரனான ஜெபசிங் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ஏல, வீட்ல சொல்லட்டா?"

"சொன்னா உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன். சொல்ல மாட்டேன்னு உங்கம்மா மேல சத்தியம் பண்ணு."

ஜெபசிங்கின் தாய் அப்போது ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வேறு வழியில்லாமல் சத்தியம் செய்தான்.

ஒருநாள் ஜெபசிங் வகுப்பு முடிந்து வந்தபோது அறை உள்ளே தாழிட்டிருந்தது. விடுதிக் காப்பாளர் ஓடிவந்தார். "கதவுல கை வெச்சா என்னை உயிரோட பாக்க மாட்டீங்க" என்றது உள்ளிருந்து குரல். காப்பாளர் கையை எடுத்துக்கொண்டார். ஜெபசிங் செங்கோடனுக்குப் போன் செய்தான்.

தாயும் தகப்பனும் வந்து சேர்ந்தார்கள்.

"பெயிலாப் போனாப் போகுது கண்ணு. வீட்டுக்கு வா சாமி" என்று கதவைத் தடவினாள் பூங்கொடி.

"இது நீ சொல்றதா, அவரு சொல்லச் சொன்னதா?"

அவள் கணவனைப் பார்த்தாள். செங்கோடன் பழக்கத்தில் மனைவி பக்கம் திரும்பினார். வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டு, கதவில் நெற்றியை வைத்தார்.

"பிரகதீசு, அப்பன் பேசறேன். நீ எதப் படிச்சாலும், படிக்காட்டியும் எம்பையன்தான். கதவத் தொற சாமி."

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. பிறகு தாழ்ப்பாள் நகர்ந்தது.

வெளியே வந்தவன் தகப்பன் தோளில் விழுந்தான். ஜெபசிங்கைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "அப்பா, அவன இங்கிருந்து போகச் சொல்லுங்க."

ஜெபசிங் படியிறங்கிப் போய்த் தன் தாய்க்குப் போன் செய்து, "நல்லாருக்கியாம்மா?" என்று கேட்டான்.

இப்போது சொல்லுங்கள். பிரகதீஷ் பிழைத்ததற்கான நன்றி யாருக்குச் சேர வேண்டும்? மனமிறங்கிப் பேசிய தகப்பனுக்கா, தவித்த தாய்க்கா, சத்தியத்தை மீறியவனுக்கா?

விடை: தாயின் தவிப்பில் குறையில்லை. ஆனால் இத்தனை நாளும் கணவன் சொல்லையே சுமந்த வாயில், அவளுடைய சொல் எது என்று மகனுக்குத் தெரியவில்லை. தகப்பன் பேசித்தான் கதவு திறந்தது. ஆனால் தானே பிடுங்கி வைத்த பேச்சைத் திருப்பிக் கொடுத்தவருக்கு நான் நன்றி சொல்ல மாட்டேன். நன்றி ஜெபசிங்குக்கே. நட்பு போய்விடும் என்று தெரிந்தும், தாய்க்கு என்ன ஆகுமோ என்று அஞ்சியும் அவன் வாயைத் திறந்தான். காப்பாற்றப்பட்டவனோ, தகப்பனிடம் கற்றதை, முகம் பார்த்துப் பேசாமல் இன்னொருவரைச் சொல்லச் சொல்வதை, முதலில் ஜெபசிங்கிடமே காட்டினான். எனக்குப் பயமே அதுதான்.