சிரமத்துக்குப் பொருள்

ஆற்றங்கரை மடத்தில் சிவசைலம் என்றொரு சீடர் இருந்தார். பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். குரு பூரணானந்தர் அவரைவிட வயதில் மிகவும் சிறியவர். அதனால் குரு சீடரை ‘ஐயா’ என்பார், சீடர் குருவை ‘சாமி’ என்பார். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் சீடரின் காலில்தான் முதலில் விழுவார்கள்.

சிவசைலத்துக்குச் சொற்கள் என்றால் உயிர். ஒரு சொல் பிடித்துக்கொண்டால், அதன் பொருளை நோட்டில் எழுதி முடிக்கும்வரை சோறு இறங்காது. இந்த முறை பிடித்துக்கொண்ட சொல் ‘சிரமம்’.

“சாமி, ஒரு சந்தேகம். பஸ்ஸுல தள்ளி உக்காரச் சொல்றவர் சிரமத்துக்கு மன்னிக்கணும்ங்கார். ரோட்டத் தோண்டிப் போட்டவங்களும் அதையே போர்டுல எழுதி வைக்காங்க. நெசமாவே கஷ்டப்படுறவங்க கிட்ட கேட்டா, ஏதோ ஓடுதுன்னு சொல்லிட்டுப் போயிடுறாங்க. அப்ப இந்தச் சொல் யாருக்குத்தான் வேணும்?”

“நீங்க அதை எங்க சொல்வீங்க?” என்று கேட்டார் குரு.

சிவசைலம் கொஞ்சம் யோசித்தார். “அக்கா வீட்டுல.”

அக்கா உலகம்மாள் பக்கத்து ஊரில் இருந்தாள். தாயில்லாத அவரை வளர்த்து ஆளாக்கியவள். அத்தான் பக்கவாதத்தில் விழுந்ததிலிருந்து வாரம் தவறாமல் சிவசைலம் பழம் வாங்கிக்கொண்டு போவார். அக்கா காப்பி போட எழுந்தால், “உனக்கு எதுக்குக்கா சிரமம்” என்று தடுத்துவிடுவார். குடிக்கும் தண்ணீரைக்கூட பாட்டிலில் கொண்டுபோவார். இப்படி ஒரு தம்பி யாருக்குக் கிடைப்பான் என்று அவருக்கே தன்மேல் ஒரு திருப்தி.

போன வாரம் பால்காரரிடம் அக்கா சொல்லி அனுப்பியிருந்தாள், தம்பி இனிமேல் வர வேண்டாம் என்று.

இதைச் சொல்லிவிட்டு சிவசைலம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அவளுக்கு நான் ஒரு சிரமமும் கொடுக்கலியே, சாமி. அவளும் இல்லன்னா எனக்கு யாரு இருக்கா?”

குரு அவரைப் போய்ப் படுக்கச் சொன்னார்.

குருவுக்கு விடிகாலையில் சுக்குக் காப்பி போட்டுக் கொடுப்பது சிவசைலத்தின் வேலை. மறுநாள் அவர் அடுப்படிக்குப் போனபோது டம்ளர் கழுவிக் கவிழ்த்திருந்தது. குருவே போட்டுக் குடித்துவிட்டிருந்தார்.

“உங்களுக்கு எதுக்குய்யா சிரமம்” என்றார், கனிவாக.

சிவசைலத்துக்கு முதலில் நெஞ்சு குளிர்ந்தது. பிறகு குரு தன் வேட்டியைத் தானே துவைத்தார், தன் அறையைத் தானே பெருக்கினார். சிவசைலம் கை நீட்டும்போதெல்லாம் அதே சொல், அதே கனிவு. சில நாளில் மடம் அவருக்கு அந்நியர் வீடு மாதிரி ஆகிவிட்டது. எங்கே உட்காருவது என்றே தெரியவில்லை. திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பார்.

கடைசியில் போய் முன்னால் நின்றார்.

“நான் மடத்த விட்டுப் போகணும்னா நேராவே சொல்லிடுங்க, சாமி.”

“அப்படி நான் ஒன்னும் சொல்லலியே ஐயா. உங்களுக்குச் சிரமம் கொடுக்கல, அவ்வளவுதான்.”

சிவசைலம் நிமிர்ந்து குருவைப் பார்த்தார். பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். பழம் வாங்கவில்லை. தண்ணீர் பாட்டிலும் எடுக்கவில்லை.

உலகம்மாள் வாசலில் அவரைப் பார்த்தும் வா என்று சொல்லவில்லை.

“அக்கா, பசிக்கி. என்ன இருக்கு?”

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். “பழையதுதான் கெடக்கு.”

“அதப் போடு.”

தட்டில் பழையதைப் பிழிந்து வைத்து, பக்கத்து வீட்டுக்கு ஓடி ஊறுகாய் வாங்கி வந்தாள். அவர் கை நனைத்துச் சாப்பிட்டார். அவர் இரண்டாம் தடவை சோறு கேட்டபோது அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பிறகுதான் வாய் திறந்தாள். ராத்திரி தூங்கவே முடியவில்லை என்றாள். அத்தானின் முதுகெல்லாம் புண்ணாகிவிட்டது, ஒற்றை ஆளாகப் புரட்டிப் போட முடியவில்லை என்றாள்.

“ஒரு கை பிடிக்கியா தம்பி?”

இருவருமாக அத்தானைப் புரட்டிப் படுக்கவைத்தார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் சிவசைலம் மடத்துக்குத் திரும்பினார். கண் சிவந்திருந்தது. முகம் மட்டும் தெளிவாக இருந்தது. குருவின் எதிரே உட்கார்ந்தார்.

“சாமி, அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் எழுதட்டும்?”

“அத அப்புறம் பாக்கலாம். தொண்டை கரகரங்குது” என்றார் குரு. “கொஞ்சம் சிரமம் பாக்காம ஒரு சுக்குக் காப்பி போட்டுட்டு வாங்க, ஐயா.”