வரவேற்பறையில் முக்குளிப்பு

சங்குத்தீவில் சொகுசு விடுதி நடத்தும் சிங்கராயருக்குக் கோபம் வந்தால் ஊருக்கே காய்ச்சல் வரும். விருந்தாளிகளை முக்குளிக்க அழைத்துப்போகும் இன்னாசியைக் கூப்பிட்டு உறுமினார்.

"விளம்பரப் படத்துல இருக்கிற பவளப்பாறை எங்கேன்னு எல்லாரும் கேக்கிறாங்க. நாளைக்கு நீ காட்டலேன்னா உனக்கு வேலை கிடையாது."

கடலுக்கடியில் வெறும் மணல்தான் மிச்சம் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

"காட்டிடலாம் முதலாளி" என்றான் இன்னாசி.

மறுநாள் காலையில் விருந்தாளிகளுக்கு முகக்கண்ணாடி, காற்றுக்குழாய், வாத்துக்கால் மாதிரிச் செருப்பு எல்லாம் மாட்டிவிட்டான். படகுப் பக்கமே போகாமல், தத்தக்கா பித்தக்கா என்று அவர்களை நடத்திக்கொண்டு போய், விடுதியின் வரவேற்பறைச் சுவருக்கு முன்னால் நிறுத்தினான்.

"நல்லா பாத்துக்கங்க. பவளப்பாறை இதுதான்."

சிங்கராயர் ஓடிவந்தார். "பைத்தியமாடா உனக்கு? இது சுண்ணாம்பு பூசின சுவர்டா!"

"அந்தச் சுண்ணாம்பு எங்கேருந்து வந்துச்சு முதலாளி? படத்துல இருக்கிற பாறையை வெட்டி, காளவாயில சுட்டுத்தானே பூசினோம்? நீங்கதானே கூலி கொடுத்தீங்க?"



விருந்தாளி ஒருத்தி சுவரைத் தொட்டுப் பார்த்தாள். "அப்போ அங்கே இருந்த மீனெல்லாம் எங்கே போச்சு?"

இன்னாசி தன் கைகளைப் பார்த்தான்.

"அதுங்க வீட்டை இடிச்சது இந்தக் கைதாம்மா. என்கிட்ட சொல்லிட்டா போகும்?"