மகள் சொன்ன சொல்

"தாயே, ஃபாலோன்னா என்ன?"

தெய்வசிகாமணி மடத்துக்குள் நுழைந்ததும் கேட்டது இதைத்தான். அவருக்கு அறுபத்தைந்து வயது. குருவான பூரணித் தாயாருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஊர் கேலி செய்தது, அவர் சட்டை செய்யவில்லை.

தாயார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"இங்கிலீஷா?"

"ஆமா தாயே. என் மக சொன்னா."

ஒரே மகள். தாயில்லாப் பிள்ளை. சிறுவயதிலேயே ஊட்டி கான்வென்ட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தது இவர்தான். இங்கிலீஷ் பேசினால்தான் பிழைக்கலாம் என்றார். அவளும் பிழைத்துக்கொண்டாள், கனடாவில். தமிழ் அவளுக்குப் பலகாரங்களின் பெயரோடு சரி. இங்கிலீஷ் இவருக்கு பஸ் போர்டோடு சரி. வாரம் ஒருமுறை போனில் அவள் பேசுவாள், இவர் "குட், வெரிகுட்" என்பார்.

"போன வாரம், 'ஐ ஃபீல் ஃபாலோ, அப்பா'ன்னா. யாரையோ பின்தொடர்ந்து போறாளாக்கும்னு நெனச்சுட்டேன்."

"என்ன சொன்னீங்க?"

அவர் தலை குனிந்தது.

"வெரிகுட்டுன்னேன். போனை வச்சுட்டா. இந்த வாரம் கூப்பிடவே இல்லை."

கிடைத்த அகராதியையெல்லாம் புரட்டியிருந்தார். பின்தொடர்வதற்கான சொல் போலவே ஒலிக்கும் fallow என்று வேறொரு சொல் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. ஒன்றில் தரிசு என்றிருந்தது. ஒன்றில், அடுத்த விதைப்புக்காக ஆறப்போட்ட நிலம். வெளிறிய மஞ்சள் என்றது ஒன்று. சினைபடாத பன்றி என்றது இன்னொன்று. அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"தரிசுன்னா, மனசு வறண்டு கிடக்கா. ஆறப்போட்டதுன்னா, சும்மா ஓய்வா இருக்கா. இல்லை, பிள்ளை இல்லாத குறையோ என்னமோ. இதுல எது தாயே?"

தாயார் கீரையை ஒதுக்கி வைத்தார். அவர் முகத்தைப் பார்த்து, தம் தாய்மொழியான துளுவில் நீளமாக ஏதோ சொன்னார்.

தெய்வசிகாமணி விழித்தார்.

"ஒண்ணும் புரியலையே தாயே. என்ன சொன்னீங்க?"

"இப்ப என்கிட்ட புரியலைன்னு கேட்டீங்களே, இதை அவகிட்ட என்னைக்காவது கேட்டிருக்கீங்களா?"

"எப்படிக் கேக்கிறது? இத்தனை வருஷமா அப்பனுக்கு ஒண்ணுமே புரியலைன்னு தெரிஞ்சுபோயிருமே."

தாயார் மறுபடி கீரையை எடுத்துக்கொண்டார்.

தெய்வசிகாமணி எழுந்து வாசலுக்குப் போய் போனை எடுத்தார். மகளின் எண்ணை அழுத்தினார். மணி போய்க்கொண்டே இருந்தது.

"அப்பா?"

வாய் வரை வந்த "குட்"டை விழுங்கினார்.

"அம்மாடி... ஃபாலோ... அப்பா நோ அண்டர்ஸ்டாண்ட்மா. சொல்லு."