தேயாத பக்கம்

ஏகாம்பரத்திடம் இசைத்தட்டுகள் ஆறு இருந்தன. ஆறும் வேறு வேறு அல்ல. ஒரே தட்டை ஆறு முறை வாங்கியிருந்தார்.

ஒரு சாக்ஸபோன்காரரும் மூன்று கூட்டாளிகளும் எந்தக் காலத்திலோ ஒரு பிற்பகலில் உட்கார்ந்து வாசித்து முடித்த ஜாஸ் தட்டு அது. முதல் பதிப்பு பதினெட்டு வருடத்துக்கு முன்னால் அவர் கைக்கு வந்தது. பிறகு ஜப்பான்காரன் ஒரு மறுபதிப்பு போட்டான். வாங்கினார். ஜெர்மன்காரன் கனமான தட்டில் போட்டான். அதையும், இடையில் வந்த இன்னும் இரண்டையும் வாங்கினார். பழைய டேப்பிலிருந்தே நேராக எடுத்தோம் என்று அமெரிக்காக்காரன் போட்டபோது, பார்சல் வரும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். புதுத் தட்டு வந்ததும் ஒரு வாரம் மனசு அடங்கும். எட்டாம் நாள் மறுபடி அரிக்க ஆரம்பிக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறையும் துணிப்பையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு புதுப்பேட்டைக்குப் போனார். பழைய கார்க் கதவுகளும் பம்பர்களும் தொங்கும் கடை ஒன்றின் மாடியில் மைமூன் இருந்தார். ரெக்கார்டு பிளேயர் ரிப்பேர் செய்பவர். ஏகாம்பரத்தைவிடப் பதினைந்து வயது சின்னவர். ஆனாலும் ஊரில் தட்டு சேர்ப்பவர்கள் எல்லோருக்கும் அவர் உஸ்தாத். ஏகாம்பரம் மூன்று வருடமாக ஞாயிறுதோறும் அவரிடம் ஊசி மாற்றவும் மோட்டார் சரிபண்ணவும் கற்றுக்கொண்டிருந்தார்.

மைமூன் பையைப் பார்த்தார்.

"என்ன ஏகாம்பரம் சார், வீட்டைக் காலி பண்ணிட்டீங்களா?"

"இன்னிக்கு வேலை கத்துக்க வரல, உஸ்தாத். ஒரு கேள்வி இருக்கு."

"ஒரு கேள்விக்கு இவ்ளோ பெரிய பையா?"

ஏகாம்பரம் சிரிக்கவில்லை.

"வலது காது போயிட்டிருக்கு. முப்பது வருஷம் பிரஸ்ல மெஷின் பக்கத்துலயே நின்னாச்சு இல்லையா. சன்னமான சத்தம் முதல்ல போகுமாம். டிரம்ஸோட அடிக்கற சிம்பல் தாளம் மாதிரி. ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ. இடது காதுக்கும் உத்தரவாதம் இல்லைங்கறார் டாக்டர்."

மைமூன் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார்.

"கேக்கறதுக்குக் காது இருக்கும்போதே நிஜமானதைக் கேட்டுடணும், உஸ்தாத். இந்த ஆறுல எது நிஜம்? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. மீதி அஞ்சையும் இப்பவே யாருக்காவது தூக்கிக் குடுத்துடறேன்."

"முதல் பதிப்புதான் உசத்தின்னு போன மாசம் இதே ரூம்ல அந்த வில்லிவாக்கத்துக்காரர்கிட்ட சண்டை போட்டீங்களே?"

"போட்டேன். வீட்டுக்குப் போய் ஜப்பான் தட்டைக் கேட்டேன். சந்தேகம் வந்துடுச்சு."

"நீங்க கல்யாணப் பத்திரிகை அடிக்கறவர்தானே?"

"ஆமா."

"ஐந்நூறு அடிச்சுக் குடுக்கறீங்க. பத்தலைன்னு பொண்ணு வீட்ல மறுபடி வந்து நூறு கேக்கறாங்க. அந்த நூறை வாங்கினவங்களுக்குப் பந்தியில இடம் கிடையாதா?"

"கிண்டல் பண்ணாதீங்க உஸ்தாத்." ஏகாம்பரம் தட்டுகளைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். "எனக்கு நேரம் இல்ல."

மைமூன் பிளேயரின் மூடியைத் திறந்தார்.

"சரி. வீட்ல எப்படிக் கேப்பீங்களோ அப்படியே கேட்டுக் காட்டுங்க."

ஏகாம்பரம் முதல் பதிப்பைப் போட்டார். டிரம்ஸ் மெல்லத் தட்டியது. சிம்பல் சிலிர்த்தது. சாக்ஸபோன் மூச்சை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தது. அவர் உடனே எழுந்து ஊசி பொருத்திய பிளேயரின் கையைத் தூக்கினார். ஜப்பான் தட்டு. டிரம்ஸ், சிம்பல், சாக்ஸபோன். எழுந்தார், தூக்கினார். ஜெர்மன் தட்டு. வலது காதைக் காட்டினார், இடது காதைக் காட்டினார். உட்கார்ந்து அரை நிமிஷம் ஆகுமுன் எழுந்தார். நாலாவதைப் போட்டுவிட்டு மறுபடி முதலாவதுக்கு ஓடினார். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

"மூணாவதுல சிம்பல் மின்னுது. ஆனா ஒண்ணாவதுல ஒரு காத்து இருக்கு, உஸ்தாத். இல்ல இல்ல... இருங்க, மறுபடி போடறேன்."

"போதும்."

மைமூன் முதல் பதிப்பை எடுத்து மேஜை விளக்கின் கீழ் சாய்த்துப் பிடித்தார்.

"இங்க வாங்க. என்ன தெரியுது?"

ஏகாம்பரம் குனிந்தார். தட்டின் ஓரத்தில் ஒரு விரற்கடை அகலத்துக்குச் சாம்பல் பூத்திருந்தது. அதற்கு உள்ளே கருகருவென்று மின்னியது.

"ஓரம் தேஞ்சிருக்கு. பாட்டு ஆரம்பிக்கற இடம் மட்டும்."

அடுத்த தட்டைச் சாய்த்தார். ஓரம் தேய்ந்திருந்தது. அதற்கடுத்தது. ஆறிலும் அதே ஒரு விரற்கடைதான்.

மைமூன் முதல் பதிப்பைத் திருப்பினார். பின்பக்கம் அன்றைக்குத்தான் அச்சிலிருந்து வந்ததுபோல இருந்தது.

"இந்தப் பக்கம்?"

"அதை எடுத்து வச்சிருக்கேன்."

"எதுக்கு?"

"ஒவ்வொரு தடவை ஓடும்போதும் தட்டு தேயுது இல்லையா. நல்ல பிளேயர், நல்ல ஊசி, சத்தம் இல்லாத ரூம், எல்லாம் அமையட்டும், அன்னிக்கு முதல் தடவையா அந்தப் பக்கத்தைக் கேக்கலாம்னு..."

"மத்த அஞ்சு?"

"அதெல்லாம் ஒப்பிட்டுப் பாக்க வாங்கினது. அதுக்கு முதல் பாட்டு போதுமே."

"போன்லயாவது கேட்டிருப்பீங்களே?"

"போன்ல கேக்கறதெல்லாம் ஒரு கேக்கறதா, உஸ்தாத்?" அந்த நிலையிலும் அவருக்கு மூக்கு விடைத்தது.

"சரி. இந்த முதல் பக்கம் எப்படி முடியும்?"

அந்தத் தட்டின் நம்பர் ஏகாம்பரத்துக்கு மனப்பாடம். அட்டையின் கனம் தெரியும். எந்த வருஷம் எந்த மெஷினில் அடித்தார்கள் என்று தெரியும். வாயைத் திறந்தார்.

"வாங்கின அன்னிக்கு முழுசாப் போட்டேன். அப்போ அட்டையைப் பாத்துட்டிருந்தேன்... சாக்ஸபோன்லதான் முடியும். முடியணும்."

மைமூன் ஸ்டூலை பிளேயருக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டார்.

"உக்காருங்க. கையை நீட்டுங்க."

நீட்டிய உள்ளங்கையில் எதையோ வைத்தார். நொய்யரிசி அளவுகூட இல்லாத ஒரு ஊசிமுனை.

"ஒரு பழைய பிளேயரோடது. இப்ப எங்கயும் கிடைக்காது. விழுந்தா இந்தப் பலகைச் சந்துல போயிடும். அசைக்காம வச்சிருங்க."

"மேஜை மேல வைக்கலாமே?"

"வைக்கலாம்."

சொல்லிவிட்டு மைமூன் அவர் பின்னால் போய்விட்டார். அட்டையிலிருந்து தட்டு உருவும் சத்தம் கேட்டது.

"எதைப் போடறீங்க, உஸ்தாத்?"

ஊசி இறங்கியது. டிரம்ஸ், சிம்பல், சாக்ஸபோன். ஏகாம்பரத்தின் முழங்கால் தானாக எழுந்தது. உள்ளங்கையில் ஊசிமுனை உருண்டது. திடுக்கிட்டு உட்கார்ந்தார்.

ஜப்பானா? இல்லை, அமெரிக்காவா? வலது காதைத் திருப்பினார். இடது காதைத் திருப்பினார். கீழே கடையில் யாரோ தகரத்தைத் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள். இந்தச் சத்தத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது? இன்னொரு முறை எழப் பார்த்தார். ஊசிமுனை விரலிடுக்குக்கு வந்துவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை உள்ளங்கைக் குழிக்கு நகர்த்தினார்.

அதை அவர் நகர்த்திக்கொண்டிருந்தபோது சாக்ஸபோன் நின்றுவிட்டது.

அது நிற்கும் என்று அவருக்குத் தெரியாது. பேஸ் என்கிற அந்தப் பெரிய தந்தி வாத்தியம் மட்டும் தனியாக நடந்தது. அதன் அடியில் இன்னொன்று கேட்டது. மனிதக் குரல். பேஸ் வாசிப்பவன் தன் விரலுக்குப் பின்னாலேயே, சுருதி சேராமல், தனக்குள் முனகிக்கொண்டு வந்தான். அந்த அறையில் அப்படி ஒருவன் இருப்பது ஏகாம்பரத்துக்கு இத்தனை வருடம் தெரியவில்லை.

அவர் தலையைத் திருப்புவதை நிறுத்தினார்.

பாட்டு முடிந்து இரண்டாவது வந்தது. மூன்றாவது வந்தது. கீழே தகரம் தட்டுகிறவர் எப்போது ஓய்ந்தார் என்று தெரியவில்லை. கடைசியில் சாக்ஸபோன் இல்லை. டிரம்ஸ்காரர் மட்டும் மிஞ்சினார். எல்லோரும் போன பிறகு கல்யாண மண்டபத்தைப் பெருக்குகிறவர்போல, மெல்ல மெல்லத் தேய்த்துக்கொண்டே போய் நிறுத்திவிட்டார்.

பிறகு தட்டின் நடுவில் ஊசி சுற்றும் சத்தம். டொக்... டொக்.

மைமூன் வந்து ஏகாம்பரத்தின் உள்ளங்கையிலிருந்து ஊசிமுனையை எடுத்தார். அது இருந்த இடத்தில் ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி.

"எது நிஜம்னு கேட்டீங்களே."

ஏகாம்பரம் ஸ்டூலில் திரும்பினார். தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. எழுந்து இரண்டடி வைத்தால் நடுவில் ஒட்டியிருக்கும் பெயரைப் படித்துவிடலாம். அவர் எழவில்லை.

"அந்தப் பேஸ்காரன் முனகறான், உஸ்தாத்."

"ம்."

"பின்பக்கத்துலயும் முனகறானா?"

"என்னைக் கேட்டா? பதினெட்டு வருஷமா உங்க வீட்லதானே இருக்கான்."