முகம் கொடுக்காத கௌதாரி

அந்தக் காலத்தில் கௌதாரிக்குப் பேச்சு வரும். பெண்களுக்கும் வரும், ஊர்க்கூட்டத்தில் மட்டும் வராது. மலைச்சரிவில் கூரைப்புல்லை எப்போது அறுப்பது என்று ஆண்கள் உட்கார்ந்து முடிவு செய்வார்கள். அறுக்கிறதும் சுமக்கிறதும் பெண்கள். நல்ல நியாயம் போங்கள்!

அந்த ஊர் மருதிக்கு ஒரு கௌதாரி உயிர்த்தோழி. வீட்டில் சொல்ல முடியாததையெல்லாம் அதனிடம்தான் கொட்டுவாள். ஒருநாள் அது புல்லுக்குள்ளிருந்து தலையை நீட்டியது.

"மருதி, முட்டை வச்சிருக்கேன். குஞ்சு பொரிச்சு நடக்கட்டும், புல் விதையும் அதுக்குள்ள உதிர்ந்துடும். கொஞ்சம் பொறுத்து அறுக்கச் சொல்லேன்."

மருதி வாக்குக் கொடுத்தாள். ஊர் மூப்பன் காளன் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். சொன்னால் கேட்கமாட்டானா என்ன?

கூட்டம் கூடியது. பெண்கள் வழக்கம்போல மூங்கில் புதருக்குப் பின்னால் நின்றார்கள். நாளைக்கே அறுப்பு என்றான் காளன். மருதிக்கு வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நாலு பேர் சிரிப்பார்களே என்று விழுங்கிவிட்டாள். மறுநாள் கூட்டைச் சுற்றியிருந்த புல்லை விட்டுவிட்டுத்தான் அறுத்தாள். பக்கத்தில் அறுத்தவளுக்கு அது எப்படித் தெரியும்? அவள் காலடியில் முட்டைகள் நொறுங்கின. கௌதாரி மருதியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பறந்து போனது.

விதை உதிராத சரிவு அடுத்த வருஷம் சொட்டை சொட்டையாகக் கிடந்தது. மழைக்குக் கூரைகள் ஒழுகின. மருதிக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. மனம்விட்டுப் பேச ஆளில்லாமல் போனதுதான் அவளை அரித்தது. விடிந்ததும் சரிவில் போய் நின்று கூப்பிடுவாள், பதில் வராது.

மறுபடி கூட்டம் கூடியபோது மூங்கிலைச் சுற்றிக்கொண்டு வந்து ஆண்கள் நடுவில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, அறுக்கிறவங்க நாங்க. எப்ப அறுக்கிறதுன்னும் நாங்களே சொல்றோம். இந்த வருஷம் யாரும் அரிவாளைத் தொட வேண்டாம்."

யாரோ சிரித்தார்கள். காளன் ஒழுகிய கூரையை நினைத்தானோ, தங்கச்சி முகத்தைப் பார்த்தானோ, நகர்ந்து இடம் விட்டான். மற்றப் பெண்களும் ஒவ்வொருத்தியாக வந்து உட்கார்ந்தார்கள்.

புல் திரும்ப வளர்ந்தது. ஒரு காலையில் கௌதாரியின் குரலும் கேட்டது. மருதி விழுந்தடித்து ஓடினாள். இங்கே தேடினால் அங்கே கேட்டது, அங்கே போனால் இன்னும் தள்ளிக் கேட்டது. வார்த்தை ஒன்றுகூட இல்லை, வெறும் கூவல்.

"ஒரே ஒரு தடவை வந்துட்டுப் போயேன்" என்று கெஞ்சினாள். அது வரவேயில்லை. சாகிறவரைக்கும் ஏங்கினாள், பாவம்.

அன்று முதல்தான் அந்த மலையில் அறுப்பு நாளைப் பெண்கள் சொல்கிறார்கள். கௌதாரியும் அன்று முதல்தான் குரல் கொடுக்கிறது, முகம் கொடுப்பதில்லை.