ஏழாம் நம்பர் கிணறும் ஒரு ஜோடிச் செருப்பும்

ஒரு ஊரில் ஒரு பத்திரிகை ஆபீஸ் இருந்தது. அந்த ஆபீஸில் அதிகம் உழைத்தது யார் என்று கேட்டால், நிருபர் தவமணியின் தோல் செருப்பு என்றுதான் சொல்ல வேண்டும். இடது செருப்பு அதிகம் பேசாது. வலதுக்கு வாய் ஜாஸ்தி. முன்பக்கம் பிளந்து நாலு தையல் போட்டும் அடங்காத வாய்.

கலெக்டர் ஆபீஸ் வராந்தா, பெரியாஸ்பத்திரி வாசல், தீப்பிடித்த பஞ்சு மில் என்று அது மிதிக்காத இடம் கிடையாது. தவமணி எழுதுகிற செய்தியில் பாதி தன்னுடையது என்றே அதற்கு நினைப்பு.

ஒரு திங்கட்கிழமை காலையில் ஆசிரியர் வேலப்பன் மூன்று கட்டுக் காகிதத்தைக் கொண்டுவந்து தவமணியின் மேஜையில் பொத்தென்று வைத்தார். இரண்டாயிரத்து முந்நூறு பக்கம்.

“தண்ணி டெஸ்ட் ரிப்போர்ட்டும்மா. ஊசிக்கல்மேடும் அதைச் சுத்தியிருக்கற ஊருகளும் எல்லாம் கலந்து கெடக்குது. மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸ்ல எட்டு மாசம் அலைய உட்டு இப்பத்தான் குடுத்தாங்க. ஊசிக்கல்மேட்டுச் சாயப்பட்டறைக்கு வியாழக்கெழமை கலெக்டர் கூட்டத்துல இன்னும் அஞ்சு வருசத்துக்கு அனுமதி குடுக்கப் போறாங்க. ஊர்ச்சனம் தண்ணி கெட்டுப்போச்சுங்குது. ரிப்போர்ட்டு, தண்ணி நல்லாருக்குதுங்குது. எது நெசம்னு புதன்கெழமை சாயங்காலத்துக்குள்ள தெரியோணும். இல்லீன்னா அந்த ஊரு தண்ணிய மறந்துர வேண்டியதுதான்.”

“மூணு நாள்ல இத்தனையும் எப்படிங் சார் படிக்கறது?”

“கம்ப்யூட்டர்ல புதுசா செயற்கை நுண்ணறிவு போட்டிருக்குதல்ல, அதுகிட்டக் குடு. இனி ஊரு ஊரா அலைய வேண்டாம். உக்காந்த எடத்துலயே எழுதிப்போடலாம்.”

தவமணிக்கு மேஜையில் உட்கார்ந்தால் செருப்பைக் கழற்றிவிடுகிற பழக்கம். மேஜைக்கு அடியில் கிடந்த வலது செருப்புக்கு, அடிவயிற்றில் கருவேல முள் ஏறினாற்போல் இருந்தது.

“கேட்டியாடா? உக்காந்த எடத்துலயாமா!” என்றது இடதிடம்.

“நல்லதுதான். எனக்குக் குதி தேஞ்சுபோச்சு,” என்றது இடது.

“உனக்கு ரோசமே கெடையாது.” வலது மேலே பார்த்துக் குரல் கொடுத்தது. “ஏப்பா, மேல புதுசா வந்திருக்கறவரே!”

“வணக்கம். நான் செயற்கை நுண்ணறிவு. தங்களுக்கு எவ்வாறு உதவ வேண்டும்?”

“ஐயையோ, மைக் முன்னாடி நிக்கற மாதிரியல்ல பேசுது! தம்பி, உனக்குக் காலு இருக்குதா?”

“இல்லை.”

“மூக்கு?”

“இல்லை.”

“அப்பறம் எதை நம்பி இந்த வேலைக்கு வந்தே?”

“படிப்பேன்,” என்றது நுண்ணறிவு. அதன் குரலில் பெருமையும் இல்லை, கோபமும் இல்லை.

சொன்னபடி படித்தது. கட்டுகளை ஒவ்வொரு தாளாகப் படம் பிடித்து உள்ளே ஏற்றத்தான் தவமணிக்குச் சாயங்காலம் வரை ஆனது. அது படித்து முடித்தபோது அவள் டீ இன்னும் ஆறவில்லை.

“ஊசிக்கல்மேட்டுக்கு மட்டும் இருபத்தெட்டு மாத அறிக்கைகள் உள்ளன. மூன்று கட்டுகளிலும் சிதறிக் கிடக்கின்றன,” என்றது. “எல்லாம் ஒரே கிணற்றுத் தண்ணீர். ஏழாம் எண் பொதுக் கிணறு. உப்பின் அளவு இருபத்தெட்டு மாதமும் ஒன்றேதான். ஐப்பசி மழையிலும் அதே அளவு. சித்திரை வெயிலிலும் அதே அளவு.”

தவமணி நாற்காலியில் நிமிர்ந்தாள். மழையில் ஒரு மாதிரியும் வெயிலில் ஒரு மாதிரியும் இல்லாத கிணறு எந்த நாட்டில் இருக்கிறது?

“சாமி, ஆறு மாசம் கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திட்டுப் பாத்திருந்தாலும் இது எனக்குச் சிக்கியிருக்காது!” என்றவள், ஆயுத பூசையன்றைக்குக் கும்பிடுகிற மாதிரி அந்தத் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

வலது செருப்பு அதைப் பார்த்தது. பதினோரு வருஷமாக நடக்கிறது. ஒரு ஆயுத பூசைக்கும் அதற்கு ஒரு பொட்டு வைத்தவர் இல்லை.

தவமணி செய்தியையும் எழுதித் தரச் சொன்னாள். எழுதியது. கோர்வையான எழுத்து. கடைசியில் இப்படி முடிந்திருந்தது: “‘நாங்கள் தண்ணீர் குடிக்கவில்லை, கண்ணீரைக் குடிக்கிறோம்’ என்றார் ஊசிக்கல்மேடு விவசாயி ராக்கியப்பன்.”

தோள் மேலாக எட்டிப் படித்த வேலப்பன் மேஜையைத் தட்டினார். “அட்டகாசம்! ராக்கியப்பன் சொன்னதையே தலைப்பாப் போட்டுரு.”

தவமணி பையிலிருந்து நோட்டை எடுத்தாள். அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. யார் என்ன சொன்னாலும், அதைச் சொல்லும்போது அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதையும் பக்கத்தில் குறித்துவிடுவாள். ‘மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டே’, ‘பிள்ளைக்குத் தலை சீவிக்கொண்டே’ என்று. அந்தக் குறிப்பு இல்லாத பேச்சு எதுவும் அவள் கையிலிருந்து அச்சுக்குப் போனதில்லை.

நோட்டு தன் பக்கங்களைப் படபடவென்று புரட்டிக் காட்டியது. “எங்கிட்ட ராக்கியப்பன்னு ஆளே இல்லீங்களே!”

தவமணி திரையைப் பார்த்துக் கேட்டாள். “ராக்கியப்பன் என்ன பண்ணிட்டு இருக்கறப்ப இதைச் சொன்னாரு?”

நுண்ணறிவு மூன்று கட்டுகளையும் இன்னொருதரம் தேடியது.

“மன்னிக்க வேண்டும். அப்படி ஒருவரை நான் எந்தத் தாளிலும் பார்க்கவில்லை. அந்த ஊரில் ஒருவர் இப்படிச் சொல்லியிருக்கக்கூடும் என்று நானாக எழுதினேன்.”

வேலப்பனுக்கு வேர்த்துவிட்டது. “அச்சுல ஏறியிருந்தா என்னாயிருக்கும்! இந்த ஒத்தப் பொய்யக் காட்டியே பட்டறைக்காரன் நாம கண்டுபுடிச்ச இருபத்தெட்டு மாச நெசத்தையும் பொய்யாக்கியிருப்பான்.” நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “நான் சொன்னது தப்பும்மா. நீ நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துரு.”

வலது செருப்புக்குக் குஷி தாங்கவில்லை. “ஏந் தம்பி, காலில்லாதவன் ஊருக்குப் போய்ட்டு வந்த கதை சொல்லலாமா?”

“கூடாது,” என்றது நுண்ணறிவு. “காலியிடத்தைப் பார்த்தால் நிரப்பத் தோன்றிவிடுகிறது. எனக்குத் தெரியாதது எது என்று எனக்கே தெரிவதில்லை. எனக்காகப் பார்த்துவிட்டு வருவீர்களா? அந்த ஏழாம் எண் கிணற்றுத் தண்ணீர் உண்மையில் எப்படி இருக்கிறது?”

சண்டைக்கு வரிந்துகட்டி நின்றவனிடம் ‘சாப்ட்டீங்களா’ என்று கேட்டால் எப்படி இருக்கும்? வலதுக்கு அப்படி ஆகிவிட்டது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மைல் நடை. ஊர் நெருங்க நெருங்க மண் வெள்ளை பூத்துக் கிடந்தது. வலதின் தையல் நூலில் உப்பு ஏறிக் கரகரத்தது.

கிணறு ஒன்றையும் காணோம். ஒரு வீட்டுக்குப் பக்கத்தில் சரசாத்தாள் என்ற பெண்பிள்ளை கூடையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்கக்கா, ஏழாம் நம்பர் கெணறு எங்கீங்க இருக்குது?”

சரசாத்தாள் தவமணியின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் காலைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“அதுமேலதான் அம்மணி நிக்கறீங்க.”

வலது செருப்புக்கு உள்ளங்கால் கூசியது. ஆமாம், இந்த இடத்து மண் பொதபொதவென்றுதான் இருக்கிறது.

“தண்ணி நொரை கட்டி நாறிப்போச்சுங். மேய்ச்சலுக்குப் போன மாடு ஒண்ணு உள்ள உழுந்து செத்துப்போச்சு. நாலு வருசமாச்சு, மண்ணடிச்சு மூடியாச்சு. இப்ப என்ர குப்பைக்குழிதான் உங்க ஏழாம் நம்பரு.”

“இருபத்தெட்டு மாசமா ஆபீசர் இதுல தண்ணி எடுத்ததா எழுதியிருக்குதுங்கக்கா.”

“இதுக்குள்ளிருந்து தண்ணி எடுத்தாரா?” சரசாத்தாள் கூடையைக் கீழே வைத்துவிட்டாள். “அப்படிப்பட்ட மகராசனுக்குப் பொன்னாடையல்ல போத்தோணும்! நாங்க குடத்தத் தூக்கிட்டு ரெண்டு மைலு நடக்கறோம். எங்களுக்கும் அந்த வித்தையச் சொல்லிக்குடுக்கச் சொல்லுங்.”

தவமணி அதை அப்படியே நோட்டில் எழுதி, பக்கத்தில் ‘சாணிக்கூடையைக் கீழே வைத்துவிட்டு’ என்று குறித்தாள். நோட்டு அந்த வரியை ஆசையாக வாங்கிக்கொண்டது. குழியைப் படமெடுத்தாள். கிணற்றை மூடச் சொல்லிப் போட்ட பஞ்சாயத்துத் தீர்மானத்தின் நகலையும் தலைவர் வீட்டில் வாங்கிக்கொண்டாள்.

புதன்கிழமை காலையில் மூடிய கிணற்றின் சேதியைக் கேட்டதும் நுண்ணறிவு எல்லாக் கட்டுகளையும் திரும்ப ஒருதரம் சலித்தது.

“இன்னும் ஒன்று அகப்பட்டது. மூன்று தேதிகளில், அதே நாளில் அதே நேரத்தில் அதே அதிகாரி நாற்பது மைல் தள்ளி வேறு ஊரிலும் தண்ணீர் எடுத்ததாக இருக்கிறது. ஒரு தேதியின் எழுத்து மங்கலாக உள்ளது, எனக்கு நிச்சயமில்லை. தயவுசெய்து கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.”

தவமணி பார்த்தாள். இரண்டு சரி. மங்கலானதை விட்டுவிட்டாள்.

வியாழக்கிழமை விடியும்போது பத்திரிகை வந்தது: ‘குப்பைக்குழியில் இருபத்தெட்டு மாதம் தண்ணீர் எடுத்த அதிசயம்’. கூட்டத்தில் ஊர்ச்சனம் ஆளுக்கு ஒரு பிரதியைத் தூக்கிப் பிடித்தது. பட்டறைக்கு அனுமதி கிடைக்கவில்லை. ஊருக்கு ஆற்றுத் தண்ணீர்க் குழாய் போடச் சொல்லி உத்தரவானது.

அன்றைக்குச் சாயங்காலம் மேஜைக்கு அடியிலிருந்து வலது செருப்பு கூப்பிட்டது.

“தம்பி, நீ சொல்லியுடலீன்னா, நான் அதைக் குப்பைக்குழின்னு மிதிச்சுட்டுப் போயிருப்பேன். நீ நல்லாருக்கோணும்.”

“நீங்கள் போய்வந்திராவிட்டால், அந்த ஊர் மக்கள் ஏழாம் எண் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள் என்று நான் நம்பிக்கொண்டிருப்பேன். உங்களுக்கு நான் எவ்வளவோ கடமைப்பட்டிருக்கிறேன்.”

“மாலைய மாத்தி மாத்திப் போட்டுக்குங்க,” என்றது இடது. “குதிக்கு மருந்து போட ஒருத்தருமில்ல.”

ஐந்து மாதம் கழித்துக் குழாய் வந்தது. தவமணி பார்க்கப் போனாள். சரசாத்தாள் அவளை விடவில்லை. “நில்லுங்கம்மணி, நில்லுங்” என்று சொல்லிக்கொண்டே, சொம்பில் தண்ணீர் பிடித்துச் செருப்போடு சேர்த்து அவள் கால் நனைய ஊற்றினாள். தவமணி வேண்டாம் வேண்டாம் என்று துள்ளினாள். சுற்றி நின்ற பெண்பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள்.

ஈரம் காயாமலே செருப்பு ஆபீஸுக்கு வந்து சேர்ந்தது.

“எங்கே போயிருந்தீர்கள்?” என்று கேட்டது நுண்ணறிவு.

“ஊசிக்கல்மேட்டுக்குத்தான் தம்பி. தண்ணி வந்துருச்சு! எங்க மேல சொம்போட ஊத்துனாங்க. அப்பப்பா, என்னமாக் குளுந்துச்சுங்கறே!”

நுண்ணறிவு சொன்னது:

“தண்ணீரைப் பற்றி இரண்டாயிரத்து முந்நூறு பக்கம் படித்தேன். குளிரும் என்று ஒரு பக்கத்திலும் இல்லையே.”