கோணக்கரட்டுக்குக் கத்துற கம்பு வந்த கதை

கோணக்கரட்டு ஆட்களை முட்டாள்கள் என்று சொல்வது பாவம். அவர்கள் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள், அவ்வளவுதான். உலகத்தில் வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை என்ற சங்கதியை அவர்களுக்கு இன்னும் ஒருத்தரும் போய்ச் சொல்லவில்லை.

அந்த ஊரில் பெத்தணன் என்று ஒரு மாப்பிள்ளை. இன்னும் ஆகவில்லை; மறுநாள் காலையில் ஆக வேண்டியவன். பந்தல் போட்டாயிற்று, வாழைமரம் கட்டியாயிற்று. பெண் பக்கத்து ஊர் தவமணி. ஒரே ஒரு குறைதான் பாக்கி. அந்த வகையறாவில் மாப்பிள்ளை வீட்டுப் பழங்காசு ஒன்றைத் தாலிக்கயிற்றில் கோத்துத்தான் கட்டுவார்கள். பெத்தணன் வீட்டில் அப்படிக் கைமாறி வந்த செப்புக்காசு ஐந்து இருந்தது. அவனுக்கு அண்ணன்மாரும் ஐந்து பேர். இப்போது ஐந்து காசும் ஐந்து அண்ணிமார் கழுத்தில் செக்கச்செவேலென்று மின்னிக்கொண்டிருந்தன. கட்டின தாலியைக் கழற்றிக் கொடு என்று எந்த அண்ணியிடம் போய்க் கேட்பது?

மிச்சக் காசையெல்லாம் ஒரு பானையில் போட்டு, திருடனுக்குப் பயந்து பூட்டன் பனங்காட்டில் புதைத்தார் என்றும், எந்த இடம் என்று சொல்ல வாயெடுத்த நேரத்தில் விக்கல் வந்து செத்துப்போனார் என்றும் வீட்டில் பேச்சு. பெண்ணின் அப்பா ஒச்சப்பன் கறாராகச் சொல்லிவிட்டார்.

"இன்னைக்கு வெளக்கு வைக்கிறதுக்குள்ள அந்தக் காசு என் கண்ணுல படணும். இல்லேன்னா அதே பந்தல்ல என் தங்கச்சி மகன் உக்காருவான்."

தங்கச்சி மகன் சொந்தமாக லாரி வைத்திருந்தான். பெத்தணனிடம் இருந்ததெல்லாம் தவமணி மேல் கொள்ளை ஆசையும் மூன்று கூட்டாளிகளும்தான்.

மூத்தவர் சடையாண்டி. ஊருக்கே யோசனை சொல்கிறவர். அடுத்தவன் மாயழகு, யோசனை கிடையாது, பலம் உண்டு. மூன்றாமவன் உக்கிரபாண்டி, எப்போதோ பனைமரத்திலிருந்து விழுந்து வலது காலுக்குள் கம்பி வைத்துக்கொண்டவன். நாலு பேரும் அன்று காலையிலேயே டவுனுக்குப் போய், பழைய இரும்புக் கடை சையது பாயிடம் ஒரு மெட்டல் டிடெக்டரை வாடகைக்கு வாங்கினார்கள். நீளமாக ஒரு கம்பு, அடியில் தோசைக்கல் அளவுக்கு ஒரு வட்டு, மேலே ஒரு சின்னப் பெட்டி. கோணக்கரட்டில் அதற்குக் கத்துற கம்பு என்று பெயராயிற்று.

பாய் நல்ல மனுசர். பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். "இதை எடுத்துட்டுப் போறப்ப உங்க உடம்புல இரும்பு, பித்தளை, வெள்ளின்னு ஒண்ணும் இருக்கக் கூடாது. அவசரப்படாம ஆமை மாதிரிப் போங்க. எங்க கத்துதோ அங்க தோண்டுங்க. காசு கெடச்சா அதைத் தேய்க்காதீங்க, மதிப்புப் போயிரும். நாளைக்குச் சாயங்காலம் கொண்டாந்து குடுத்துருங்க."

சொன்னது ஐந்து, ஆள் நாலு. ஆளுக்கு ஒன்றாக மனப்பாடம் செய்துகொண்டார்கள். திருப்பிக் கொடுப்பது மட்டும் யார் பங்கிலும் வரவில்லை.

பனங்காட்டு வரப்பில் முதலில் உடம்புச் சோதனை நடந்தது. மாயழகு வெள்ளி அரைஞாணை அவிழ்த்தான். சடையாண்டி கடுக்கனைக் கழற்றினார். பெத்தணன் பெல்ட்டைக் கழற்றியதில், அன்று பூராவும் ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டே திரிய வேண்டியதாயிற்று. உக்கிரபாண்டியிடம் கழற்றுவதற்கு ஒன்றுமில்லை. சிக்கலே அங்கேதான் வந்தது.

"உனக்குக் கம்பி இருக்குல்லப்பா?" என்றார் சடையாண்டி.

"அது காலுக்குள்ள இருக்குண்ணே."

"கால் எதுல இருக்கு?"

உக்கிரபாண்டி நேர்மையானவன். குனிந்து பார்த்துவிட்டு, "உடம்புலதான்" என்று ஒத்துக்கொண்டான். ஓடையைத் தாண்டி அக்கரையில் போய் நின்றுகொண்டான். அங்கிருந்து மேற்பார்வை பார்ப்பதாக ஏற்பாடு.

கொஞ்ச நேரத்தில் உக்கிரபாண்டியின் பெண்சாதி கஞ்சி கொண்டுவந்தாள். ஆறு மாசக் கர்ப்பிணி. அவளையும் அக்கரையிலேயே நிறுத்திவிட்டார்கள்.

"ஆசுபத்திரியில இரும்புச்சத்து மாத்திரை குடுக்குறாங்களாம்மா?" என்று சடையாண்டி இக்கரையிலிருந்து கத்திக் கேட்டார்.

"தெனம் ஒண்ணுண்ணே!"

சடையாண்டி விரல்விட்டுப் பார்த்தார். "இந்நேரம் ஒரு அருவா அடிக்கிற அளவுக்கு இரும்பு உள்ள போயிருக்கும். நீ அங்கயே இரு தாயி."

கஞ்சி வேறு எவர்சில்வர் தூக்கில் இருந்தது. அதனால் உக்கிரபாண்டியே முழுவதையும் குடித்துவிட்டு, உப்பு சரியாக இருந்தது என்று மூன்று பேருக்கும் அக்கரையிலிருந்து சொன்னான்.

அடுத்தது ஆமை. பலசாலி என்பதால் அது மாயழகின் பொறுப்பு. முதுகில் ஓலைக்கூடையைக் கவிழ்த்துக் கட்டிக்கொண்டு நாலு காலில் ஊர்ந்தான். கத்துற கம்பை ஒரு கையால் முன்னே நீட்டித் தரைக்கு மேல் ஆட்டினான். யாராவது கூப்பிட்டால் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். அப்படிச் செய்யச் சொல்லி பாய் சொல்லவில்லைதான். ஆனால் ஆமை என்றால் ஆமை, அதில் பாதி வேலை செய்கிற பழக்கம் மாயழகுக்குக் கிடையாது.

அவன் பின்னாலேயே சடையாண்டி மம்பட்டியைத் தோள்துண்டின் மேல் போட்டுக்கொண்டு நடந்தார். பத்தடி போனதும் சடையாண்டி களைத்து மம்பட்டியை இறக்கினார். கம்பு கீச்சென்று கத்தியது.

பெத்தணன் மம்பட்டியைப் பிடுங்கினான். தவமணி, தவமணி என்று சொல்லிக்கொண்டே ஒரு கையில் வேட்டியும் ஒரு கையில் மம்பட்டியுமாக இடுப்பு ஆழம் தோண்டினான். உள்ளே மண்தான் இருந்தது. மறுபடி ஊர்ந்தார்கள். மறுபடி சடையாண்டி மம்பட்டியை இறக்கினார், மறுபடி கத்தியது. இப்படி ஆறு குழி.

பெத்தணனுக்கு ஒரு சந்தேகம் தட்டியது. "அண்ணே, மம்பட்டி இரும்புதானே?"

"ஆமா. அதுக்கென்ன?"

"இரும்பு இருக்கக் கூடாதுன்னு பாய் சொன்னாரே."

"உடம்புல இருக்கக் கூடாதுன்னாரு. என் உடம்புலயா இருக்கு? துண்டு மேலல்ல இருக்கு?"

பார்த்தால் அப்படித்தான் இருந்தது. இவ்வளவு நேரம் அநியாயமாகச் சந்தேகப்பட்டதற்குப் பெத்தணன் வெட்கப்பட்டான்.

"விசயம் வேற" என்றார் சடையாண்டி. "புதையல் பூமிக்குள்ள நகரும்னு கேள்விப்பட்டிருக்கேல்ல? இது நகருது. நாம போற பக்கமே கூட வருது. அதுலயும் என் பின்னாலதான் வருது." அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

கூட வருகிற புதையலை ஓடிப்போய் மடக்குவது என்று முடிவாயிற்று. சடையாண்டி திடீரென்று திரும்பினார், பதுங்கினார், பனைமரத்துக்குப் பின்னால் மம்பட்டியோடு ஒளிந்துகொண்டு மூச்சை அடக்கினார். எங்கே ஒளிந்தாலும் கம்பு கண்டுபிடித்துக் கத்தியது. பதினோரு குழி ஆயிற்று. பதினோராவது குழியில் கரை சரிந்து மம்பட்டியை மண் மூடிவிட்டது.

மூன்று பேரும் குழி ஓரத்தில் கைகட்டி நின்றார்கள்.

"புதையல் காவு கேக்கும்னு சொல்வாங்க" என்றார் சடையாண்டி மெதுவாக. "சிலது ஆடு கேக்கும், சிலது கோழி கேக்கும். இது மம்பட்டி கேட்டிருக்கு."

காவு கொடுத்த பலன் உடனே தெரிந்தது. கம்பு வாயை மூடிக்கொண்டது. வெகுநேரம் ஊர்ந்தபிறகு, மொட்டைப் பனை ஒன்றின் அடியில் மட்டும் வீறிட்டுக் கத்தியது. பனைமட்டையாலும் கையாலும் மண்ணைப் பறித்தார்கள். முழங்கை ஆழத்தில் ஒரு பானை தட்டுப்பட்டது.

"இந்தப் பானை குறுக்க கெடக்கு. எடுத்து வெளிய வையி, தோண்ட எடஞ்சலா இருக்கு" என்றார் சடையாண்டி.

வெளியே வைத்தார்கள். பெத்தணன் உள்ளே எட்டிப் பார்த்தான். வட்டவட்டமாக, பச்சைப்பசேலென்று, பொருக்குத் தட்டிப்போய் என்னவோ பானை நிறைய இருந்தது. அண்ணிமார் கழுத்தில் இருக்கிற காசு அவனுக்குத் தெரியும். அது செவப்பாக மின்னும். இது என்ன என்று யாருக்கும் பிடிபடவில்லை. சடையாண்டி ஒன்றை எடுத்து நக்கிப் பார்த்துவிட்டுத் துப்பினார்.

"வடகம்" என்றார். "பூசணம் புடிச்சிருச்சு. யாரோ காயவச்ச வடகத்தைப் பொதச்சு வச்சிருக்காக."

குழிக்குள் கம்பை நீட்டினார்கள். சத்தமே இல்லை. பெத்தணன் முகம் செத்துப்போயிற்று. "இவ்வளவு நேரம் இங்கனதானே கத்துச்சு?"

"பானையை எடுத்ததும் ஓடிருச்சு. பானையைத் திரும்ப வையி பாப்போம்."

வைத்தார்கள். கம்பு கத்தியது. எடுத்தார்கள். நின்றது. வைத்தார்கள். கத்தியது.

"எனக்கு வெளங்கிருச்சு!" என்று சடையாண்டி தொடையைத் தட்டினார். "புதையலுக்கு வடக வாசனை புடிச்சுப்போச்சு. வடகத்தை உள்ள எறக்குனா அடியில வந்து நிக்கிது. வெளிய எடுத்தா போயிருது. எறக்கு, அது வந்ததும் சட்டுன்னு பானையைத் தூக்கிட்டு அமுக்கிப் புடி."

மாயழகு பானையை இறக்குவான், கம்பு கத்தும், அவன் தூக்குவான், பெத்தணன் குழிக்குள் குப்புறப் பாய்வான். பதினேழு தடவை பாய்ந்தான். வெயில் தாழ்ந்து பனைநிழல் ஓடைவரைக்கும் நீண்டுவிட்டது. பதினேழாவது தடவை பாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை. குழிக்குள்ளேயே கிடந்து அழுதான். லாரி வைத்திருக்கிறவன் தன் பந்தலில் உட்காரப் போகிறான் என்பதை நினைக்க நினைக்க அழுகை கூடியது. அக்கரையில் உக்கிரபாண்டியும், காரணம் சரியாகக் கேட்காவிட்டாலும், சேர்ந்து அழுதான்.

அந்த நேரத்தில்தான் தவமணி சைக்கிளில் வந்து இறங்கினாள். கல்யாணப் பெண் முதல்நாள் வாசல் தாண்டக் கூடாது என்பார்கள். அவள் தாண்டியதோடு, ஒரு மைல் மிதித்தும் வந்திருந்தாள்.

"மாமா, எங்க அப்பாரு வாசல்ல நின்னு சூரியனையே பாத்துக்கிட்டு இருக்காரு. கெடச்சுச்சா?"

"ஒண்ணும் கெடைக்கல தவமணி" என்று குழிக்குள்ளிருந்து குரல் வந்தது. "பூசணம் புடிச்ச வடகந்தான் கெடச்சுச்சு."

தவமணி பானைக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்தாள். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு வரப்போரப் புளியமரத்தடியில் கிடந்த பழம் ஒன்றைப் பிதுக்கி, அதைப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள்.

பெத்தணன் பதறி எழுந்தான். தேய்க்கக் கூடாது என்பதை மனப்பாடம் செய்தவன் அவன்தான். "தேய்க்காத! பாய் சொல்லியிருக்காரு!"

"எதைத் தேய்க்கக் கூடாதுன்னாரு?"

"காசை."

"இது என்ன?"

"வடகம்."

"அப்புறம் என்ன?" என்று அவள் இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

பச்சை போய்ச் செம்பு தெரிந்தது. நடுவில் தேய்ந்துபோன காளை ஒன்று படுத்திருந்தது, அண்ணிமார் காசில் இருக்கிற அதே காளை. பெத்தணனுக்குச் சந்தோசத்தில் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிடத் தோன்றியது. வேட்டியை நினைத்து ஒரு கையால் கும்பிட்டான்.

தவமணி காசை முந்தானையில் முடிந்துகொண்டு சைக்கிளில் ஏறினாள். பொழுது இறங்க இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. போகிற அவசரத்திலும் அவளுக்குக் குறும்பு போகவில்லை. "உங்க வடகத்தை நாளைக்கு மறக்காம பந்தலுக்குக் கொண்டாங்க மாமா. எங்க ஆளுக ஒருத்தர் விடாம பாக்கணும்!"

அவள் போனபிறகு மூன்று பேரும் பானையைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"ஏண்ணே, அப்ப இதெல்லாம் காசுதானா?" என்றான் மாயழகு.

"அதெப்படி? தேய்ச்சது காசு. தேய்க்காதது வடகம். அந்தப் புள்ளையே போறப்ப வடகம்னுதானே சொல்லிட்டுப் போச்சு?" என்றார் சடையாண்டி. "ஒருத்தர் விடாம வேற பாக்கணுமாம். அப்ப பந்தியிலதான் வைக்கணும்."

மறுநாள் காலை தாலி கட்டியாயிற்று. ஒச்சப்பன் காசைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பெத்தணன் மூன்று முடிச்சுப் போட வேண்டிய இடத்தில், பிடி விட்டுவிடுமோ என்று பயந்து ஒன்பது போட்டான். பந்திக்கு இலை விழுந்தது.

அடுப்படியில் மாயழகு வேர்த்து விறுவிறுத்து நின்றான். எண்ணெய் கொதித்தது, வடகம் பொரிந்து பூக்கவில்லை. விறகைத் தள்ளினான், எண்ணெய் புகைந்தது, அப்போதும் பூக்கவில்லை. வேறு வழியில்லாமல் இலைக்கு ஒன்றாக வைத்து, "பூக்கல, மனசுல வச்சுக்காதீங்க" என்று ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனான்.

சோற்றுக்கு ரசம் ஊற்றியபோது அது நடந்தது. நல்ல புளி ரசம். அது ஓடிப்போய் வடகத்தைத் தொட்ட இலைகளிலெல்லாம் சிவப்பாக ஒரு காளை எட்டிப் பார்த்தது. பெண்வீட்டார் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்ளவில்லை. லாரிக்காரன் முதலில் இருமினான். இருமி முடித்தபோது அவன் இலையில் வடகம் இல்லை. பிறகு பந்தி முழுவதும் இருமியது.

இலைக்கு இலை பழங்காசு வைக்கிற சம்பந்தியை ஒச்சப்பன் தன் காலத்தில் கண்டதில்லை. அவர் எழுந்துபோய்ப் பெத்தணன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தவமணி அடுப்படியைப் பார்த்தாள், காலிப் பானையைப் பார்த்தாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"பாத்தியா?" என்றார் சடையாண்டி இலைகளைச் சுட்டிக்காட்டி. "ஒரு இலையில மிச்சமில்ல. பூக்காட்டியும் ருசி இருந்திருக்கு."

பெண்வீட்டார் வேனில் ஏறும் நேரம். சடையாண்டி ஒரு நப்பாசையில் கத்துற கம்பை எடுத்து வேன் பக்கமாக ஆட்டினார். இதுவரை கத்தாத கத்தாகக் கத்தியது. வேன் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பிப் போயிற்று. ஆனால் பாய் சொன்னது தெளிவானது. கத்தின இடத்தில் தோண்ட வேண்டும்.

மாலையும் கழுத்துமாகப் பெத்தணன் மறுபடி பெல்ட்டைக் கழற்றிவிட்டு, வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இரவல் மம்பட்டியோடு நடுரோட்டில் இறங்கினான்.

"நீ போய்ப் பாலும் பழமும் எடுத்து வை தவமணி" என்றான். "உங்க சனத்துக்குத்தான் வடகம் பூக்காமப் போச்சு. அந்தப் புதையலையாவது எடுத்துக் குடுத்துட்டு வந்துர்றேன்."